அம்மாவைச் சிரிக்க வைக்கலாம்

என் ராசாவுக்கு,

நேற்று ஆராதனையில் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாவது தடவையாக வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் சொல்லி நிறுத்தியதும், உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நான் வேணா எழுந்து சொல்லட்டுமா, பையனுக்குத் துவைச்ச துணிய மடிக்கத் தெரியாதுன்னு?" என்றார். பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணும் வயதில் கோயிலில் முறைப்பு வாங்குகிற ஜோடி நாங்களாகத்தான் இருப்போம். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ பெங்களூரில் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றுகொண்டு, ஓடுகிற மீட்டரில் ஒரு கண்ணை வைத்தபடி, நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். எதைப் போனில் சொல்லலாம், எதைச் சொன்னால் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆகவே உட்கார்ந்து படி. முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் படி.

போன சனிக்கிழமை பியூலாவும் அவள் அம்மாவும் பொழிச்சலூரிலிருந்து வந்திருந்தார்கள், புடவைக்கு ரவிக்கை தைக்க அளவு ரவிக்கை கொடுப்பதற்காக. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நிச்சயத்தன்றே நீ கட்டிக்கப்போகிற பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது. லட்சணமான பெண், படித்த பெண், ஆனால் என் முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். நான் என்ன பேசினாலும் "ஆமாங்க அத்தை, இல்லைங்க அத்தை." அன்றைக்கு இரவே அப்பாவிடம், "பொண்ணு கொஞ்சம் உம்மணாமூஞ்சிங்க, நம்ம பையனும் அப்படியே, ரெண்டும் சேர்ந்து வீட்டை லைப்ரரி ஆக்கிடப் போகுதுங்க" என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமையும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். அப்பா சும்மா இருப்பாரா? "ஏம்மா, உங்க ஊர்ல தலைக்கு மேலயே ஃப்ளைட் போகுதே, புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் எப்படி நடக்கும்? ஃப்ளைட் போற வரைக்கும் கையை ஓங்கினபடியே நிப்பாங்களா?" என்று கேட்டார். பியூலாவின் முகம் சிவந்தது. துப்பட்டாவைக் கடித்தாள். பிறகு விருட்டென்று எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பதறிப் பின்னாலேயே போனேன். அவள் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். "ஏம்மா, உள்ளேயே சிரிக்க வேண்டியதுதானே? அவர் அதுக்குத்தானே சொன்னாரு?" என்றேன். என்னைப் பார்த்ததும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, "சாரி அத்தை, சாரி. நீங்க உள்ள போங்க. நான் சிரிக்கிறதைப் பாத்தா உங்களுக்கும் சிரிப்பு வந்துடும்" என்றாள். "வந்தா என்ன?" "உங்க மகன் சொல்லியிருக்காரு. உங்க முன்னாடி சிரிப்பு மூட்டற மாதிரி எதுவும் பேசக் கூடாதாம். நீங்க சிரிச்சா உங்களுக்குத் தாங்க முடியாத தலைவலி வருமாம். 'அம்மா வெளிய காட்டிக்க மாட்டாங்க, நீதான் பாத்து நடந்துக்கணும்'னு சொன்னாரு." எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகனே, அந்தத் தலைவலி என்னை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அது போன செய்தி உனக்கு வந்து சேரவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். நீ கூடவே இருந்தவன்தான், ஆனால் பிளஸ் ஒன் படிக்கிற பையனிடம் நாங்கள் சொன்னது பாதி, மறைத்தது பாதி.

நம் குடும்பத்துத் தலைகள் கொஞ்சம் விசித்திரமானவை. உன் அப்பா ரோஸ் மில்க்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் நிற்பார். "மெதுவாக் குடிங்க" என்று நானும் கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். உனக்கு இப்போது ஹெல்மெட் போட்டால் நெற்றிப் பொட்டில் வலிக்கிறது என்கிறாய். எனக்கும் எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான் இருந்தது. ஹெட்செட்டின் கம்பிப்பட்டை தலையை இறுக்கிப் பிடிக்கும். அதற்கு அடியில் கொண்டை ஊசி வேறு. டியூட்டி முடிவதற்குள் உச்சந்தலையில் பட்டை இருந்த இடம் மட்டும் மந்தமாக வலிக்கும். கழற்றிவிட்டு, கொண்டையை அவிழ்த்து, ஒரு டீ குடித்தால் போய்விடும். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அது இருந்ததால் அதை யாரும் வியாதியென்றே நினைக்கவில்லை. உன் ஹெல்மெட்டும் அந்த ரகமாகத்தான் இருக்கும், ஒரு சைஸ் பெரியதாக வாங்கு. வலிக்கிறதென்று ஹெல்மெட்டையே கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறாய் என்று பியூலா சொன்னாள். அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

அந்த வருஷம் வந்த வலி வேறு. மார்கழியில் எனக்கு ஒரு பெரிய சளி பிடித்தது ஞாபகமிருக்கிறதா? சளி போனது, இருமல் மட்டும் தங்கிவிட்டது. ஒரு நாள் காலை இருமும்போது பின்மண்டையில் யாரோ தேங்காய் உடைத்தது போல ஒரு வலி. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பிறகு தும்மினால் வந்தது, குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வந்தது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, மின்சார ரயிலில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற ஒருவரையும், அந்தக் கைக்குட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்ட இன்னொருவரையும் நடித்துக் காட்டினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வலியாக மாறிவிட்டது. தலையின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அப்பா அதுவும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்.

எங்களுக்குப் பழக்கப்பட்ட வலி ஹெட்செட் வலிதானே, ஆகவே ஹெட்செட்டின் மேல் பழியைப் போட்டோம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி போர்டிலிருந்து மாறி கொஞ்ச நாள் ஹெட்செட் தேவைப்படாத விசாரணைப் பிரிவில் உட்கார்ந்தேன். உச்சந்தலை வலி போனது, பின்மண்டை வலி போகவில்லை. தெருமுனை டாக்டர் சைனஸ் என்றார். ஆவி பிடித்தேன், தைலம் தடவினேன், வீடே தைல டப்பா போல மணந்தது. ஜெபக்கூட்டத்து அம்மாக்கள் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அதில் ஒருவருக்குக் கனமான கை, அதுவே தனியாக வலித்தது. இத்தனைக்கும் நடுவில் எங்களில் யாருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை: சிரித்தால் ஏன் வலிக்க வேண்டும்? அதைக் கேட்பதை விட்டுவிட்டு, சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

நிறுத்திய நாள் உனக்கு நிச்சயம் நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ உன் கெமிஸ்ட்ரி வாத்தியார் மாதிரி, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, "வாட் ஈஸ் திஸ் நான்சென்ஸ், தம்பி?" என்று அப்பளத்தைப் பார்த்துக் கேட்டாய். அச்சு அசல் அந்த மனிதர்தான். அப்பாவின் வித்தை உனக்கு அப்படியே வந்திருந்தது, அவரைவிட ஒருபடி மேல் என்றுகூடச் சொல்வேன். நான் சிரித்தேன். அன்றைக்கு வந்த வலி மாதிரி அதற்கு முன்னால் வந்ததில்லை. தட்டு கவிழ்ந்தது. நான் தரையில் சாய்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது நீ சாம்பார் கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாய், உன் மூக்கு நுனியில் இன்னும் அந்தக் கண்ணாடி. அப்பா உன்னைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு நீ அந்த வாத்தியாராக ஒரு நாளும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் பேச்சே சாப்பாடு, கரண்ட், தண்ணீர் லாரி என்று ஆகிவிட்டது. அப்பா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, பேப்பரை விரித்தால் அவ்வளவுதான். மீன்காரம்மா ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாமே, வூட்ல எதுனா பேஜாரா? சார் சவுண்டே காணோம். முன்னல்லாம் தெருக்கோடில வரும்போதே உன் சிரிப்பு கேக்குமே. சண்டையா? கூச்சப்படாம சொல்லு, நான் வந்து கேக்கறேன் அந்தாள" என்றாள். அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் அப்பாவின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே நான் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியுமா? இப்போது சொல்கிறேன், தெரிந்துகொள்.

கடைசியில் வழி காட்டியது கண் டாக்டர். கண்ணாடி போட்டால் தீருமோ என்று போனேன். அவர் என் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். "எப்போ வலிக்குது?" என்று கேட்டார். சிரித்தால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கே ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் சிரித்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நரம்பியல் டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். எங்கே வலிக்கிறது என்று அவர் முதலில் கேட்கவில்லை. "வலி வர்றதுக்கு முந்தின நொடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். இருமினால், தும்மினால், குனிந்தால், முக்கினால் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். எவ்வளவு நேரம் நிற்கிறது, வாந்தி வருகிறதா, கை மரத்துப் போகிறதா, சுட்டது தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டதுண்டா, விழுங்கும்போது அடைக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஹெட்செட் கதையைச் சொன்னேன். "அது பட்டை அழுத்தறதுனால வர்றது, அது வேற. உங்க தலையில ரெண்டு வலி இருக்கு. ஒண்ணு வெளியிலேர்ந்து அழுத்தறது, இன்னொண்ணு உள்ளேர்ந்து. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க" என்றார். பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார், முழங்காலில் தட்டினார், ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்துக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்.

பிறகு, "இருமிக் காட்டுங்க" என்றார். நான் மரியாதையாக இருமினேன். ஒன்றும் வரவில்லை. "சரி, சிரிங்க" என்றார். டாக்டர் எதிரில் உட்கார்ந்து சிரியென்றால் எப்படிச் சிரிப்பது? ஹி ஹி என்றேன், எனக்கே அசிங்கமாக இருந்தது. "வீட்ல யாரு உங்களைச் சிரிக்க வைப்பாங்க?" என்று கேட்டார். நான் உன் அப்பாவைக் கைகாட்டினேன். டாக்டர் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பி, "ஏதாவது சொல்லுங்க சார். நான் பக்கத்துலயே இருக்கேன், பயப்படாதீங்க" என்றார்.

தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரைக்கும் ஒரு பெட்டியையே சிரிக்க வைத்துக்கொண்டு போகிற மனிதர். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு ஆள் சார்... பல்லாவரத்துல ஏறினான் சார்" என்றார். டாக்டர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "அப்புறம்?" என்றார் டாக்டர். "அப்புறம்... சைதாப்பேட்டையில இறங்கிட்டான் சார்." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான் சார்" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன் பார், அத்தனை மாதம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வலியும் கூடவே வந்தது. நான் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்தேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கி நான் நிமிர்ந்தபோது உன் அப்பா அழுதுகொண்டிருந்தார். ஜோக் வராமல் போனதற்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "பெரும்பாலும் இது ஆபத்தில்லாத வலிதான். சளி இருமலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வந்து, கொஞ்ச நாள் இருந்துட்டுத் தானாப் போயிடும். ஆனா 'பெரும்பாலும்'னு சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லைம்மா. சில பேருக்குச் சிறுமூளையோட அடிப்பாகம் கீழ இறங்கி, மண்டையோட்டு ஓட்டையில அடைச்சுக்கிட்டு நிக்கும். சில பேருக்குக் கட்டி இருக்கும். படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்." எம்.ஆர்.ஐ. அப்போது ஊருக்குப் புதிது. இரும்பு எதுவும் கூடாது என்று கொண்டை ஊசி, வளையல், அதில் கோத்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றினார்கள். தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து கழுத்தை விட்டு இறங்காதது. அப்பா அதைக் கைக்குள் மூடிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மாவு மில் மாதிரி சத்தம். அசையக் கூடாது என்றார்கள். நான் அசையாமல் படுத்துக்கொண்டு, நான் போய்விட்டால் உனக்கு யார் எண்ணெய் தேய்த்துவிடுவார்கள் என்று யோசித்தேன். நீ அதற்குள் எண்ணெய் தேய்க்கவே விடாத வயதுக்கு வந்துவிட்டிருந்தாய், ஆனால் அந்த யோசனைதான் வந்தது.

முடிவு வந்தது. படத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருக்கிறது என்று காட்டினார். எனக்கு எல்லாம் காலிஃபிளவர் மாதிரிதான் தெரிந்தது, இருந்தும் தலையாட்டினேன். மாத்திரை கொடுத்தார். வயிற்றைப் புண்ணாக்கும், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சில நாட்களிலேயே வலி பாதியாயிற்று. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு மாத்திரையைக் குறைத்து, நிறுத்தியும் பார்த்தோம். வரவேயில்லை. அதற்குள் நீ பிளஸ் டூ முடித்துத் திருச்சிக்கு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்று உன்னிடம் சொன்னோம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலி போய்விட்டது, இனிமேல் சிரிக்கலாம் என்று சொன்னதாக மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

போன சனிக்கிழமை அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு அவனை வெளிய கூட்டிட்டுப் போய் என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். "பையன் துடுக்கு, சும்மா சொன்னா கேக்க மாட்டான்னு கொஞ்சம் பயமுறுத்தி வெச்சேன். 'அம்மா சிரிச்சா அவ உயிருக்கே ஆபத்துடா, இனிமே அவளைச் சிரிக்க வைக்காதே'ன்னேன்." "சரியானதும் அவன்கிட்ட சொன்னீங்களா?" "நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்." நானோ அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருப்பவர்களையெல்லாம் பேச வைத்தவள், சொந்த வீட்டில் ஒரு செய்தியை இணைக்காமல் விட்டிருக்கிறேன். லீவில் வரும்போதெல்லாம் நான் சிரிப்பதை நீ பார்க்கத்தானே செய்தாய் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். பியூலாதான் அதற்கும் பதில் சொல்லியிருந்தாள். "சிரிக்கும்போதெல்லாம் அம்மா கை பின்னந்தலைக்குப் போகும், வலி இருக்குன்னு அர்த்தம்" என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். அது பழக்கம் கண்ணா. வலி போய்விட்டது, கைக்கு அது தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். ஆமாம், கை தானாகப் போகிறது.

இதுவரை எழுதியது எனக்காக. இனி எழுதுவது அப்பாவுக்காக, அவருக்குத் தெரியாமல். பியூலா சொன்னதையெல்லாம் அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ அவன் என்னை முறைச்சதெல்லாம் இதுக்குத்தானா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ லீவில் வந்திருக்கும்போது அவர் ஏதாவது ஆரம்பித்தால், "போதும்பா" என்று அவரை ஒரு பார்வை பார்ப்பாயாம். நீ என்னைக் காப்பாற்ற அப்படிச் செய்தாய், இப்போது புரிகிறது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார். "இன்ஜினியரிங் படிச்சுப் பெரிய மனுஷன் ஆயிட்டான், அப்பன் கோமாளித்தனம் பண்றது அவனுக்கு வெக்கமா இருக்குன்னு நெனச்சேன்டி. அதான் அவன் வர்ற நாள்ல வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நீ வரும்போதெல்லாம் வீடு ஏன் அப்படி அமைதியாகிறது என்று நானும் யோசித்ததுண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பிரியத்தில் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரமும் வந்தது, உங்கள் இருவர் மேலும் சொல்ல முடியாத ஆசையும் வந்தது.

கல்யாணத்துக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். இருமினாலோ, பளு தூக்கினாலோ, சிரித்தாலோ புதிதாக ஒரு வலி வந்தால், உனக்கானாலும் பியூலாவுக்கானாலும், தைலம் தடவிக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் போ. எனக்குக் கொடுத்த மாத்திரையை நீயாகக் கேட்டு வாங்கித் தின்னாதே. எந்த நொடியில் வலிக்கிறது என்று கவனித்துச் சொல். வலிக்கிறதென்று அந்தக் காரியத்தையே விட்டுவிடுவது வைத்தியம் ஆகாது. வீட்டிலும் அப்படித்தான். ஒரு பேச்சை எடுத்தால் அவளுக்கு வலிக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பேச்சையே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதே. ஏன் வலிக்கிறது என்று அவளிடம் கேள். சரியாகிவிட்டதா என்று கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை கேள். நாங்கள் இரண்டாவது தடவை கேட்காமல் விட்டவர்கள்.

வரவேற்பில் மாப்பிள்ளையின் தகப்பனார் நன்றி சொல்லிப் பேச வேண்டும். "ரெண்டே வரி, வந்தவங்களுக்கு நன்றி, சாப்பிட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான். அவன் முன்னாடி எதுக்கு?" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமையிலிருந்து குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு பேச்சுச் சத்தமும் கேட்கிறது. இன்றைக்குக் காலையில் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவன் கோவிச்சுக்க மாட்டான் இல்ல?" என்று என்னைக் கேட்டார். நீ சொல்ல வேண்டிய பதில் அது.

வெள்ளிக்கிழமை சென்ட்ரலுக்கு உன்னை அழைக்க அவர்தான் வருகிறார். பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறுவீர்கள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, லீவு எத்தனை நாள், மெஸ்ஸில் சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டு வருவார். அவராக வேறெதுவும் ஆரம்பிக்க மாட்டார், நீதான் ஆரம்பிக்க வேண்டும். "இந்த வண்டியில இப்பல்லாம் என்னப்பா நடக்குது?" என்று மட்டும் கேள். முதலில் உன் முகத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும். அவர் சொல்லச் சொல்லத் தாம்பரம் வந்துவிட்டால் அவசரப்பட்டு எழுந்திருக்காதே. அது கடைசி ஸ்டேஷன்தான், யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். கதை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். சாப்பாடு ஆறினால் நான் சுட வைத்துத் தருகிறேன்.

வாசலில் காத்திருக்கும்,
அம்மா